‘தவிர’ என்று ஒரு சொல்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிப் பேசச் சொன்னால் நம்ம ஆட்கள் மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ், கருஞ்சிறுத்தைகள் என்றுதான் தொடங்குவோம். நான் அதற்கு நூறு வருஷத்துக்கு முந்தின காலத்துக்குப் போகிறேன். 1861க்கும் 1900க்கும் நடுவே அங்கே எழுதப்பட்ட சட்டங்கள், எழுதிவிட்டுக் கைவிடப்பட்ட திருத்தங்கள் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்கிற தலைப்பு இல்லைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமக்குள் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. அரசியல் சட்டத்தில் எல்லாம் இருக்கு, அமல்படுத்தினால் போதும் என்று ஒரு பேச்சு. சட்டமெல்லாம் வெறும் தாள், ஆதிக்கச் சாதி எழுதின தாள் என்று இன்னொரு பேச்சு. இரண்டு பேருக்கும் ஒரு பொது குணம் உண்டு. இரண்டு பேரும் அந்தத் தாளைப் படிப்பதில்லை. ஆனால் பண்ணையார் படிக்கிறான். வரி வரியாகப் படிக்கிறான், ஆள் வைத்துப் படிக்கிறான். நான் கவிதை எழுதுகிறவன், பிழைப்புக்கு வங்கிக் குமாஸ்தா. இரண்டு வேலையிலும் சொல்லை நிறுத்திப் பார்க்கிற பழக்கம் வந்துவிடும். கடன் பத்திரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது யாரையும் கொல்லாது. ‘நீங்கலாக’, ‘உட்பட்டு’, ‘தவிர’ என்று கீழே பொடி எழுத்தில் வருமே, அதுதான் வீட்டை ஜப்திக்குக் கொண்டுபோகும்.

1873இல் ஜோதிபா புலே ‘குலாம்கிரி’ எழுதினார். அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு அந்தப் புத்தகத்தைக் காணிக்கை ஆக்கினார் என்பது உங்களுக்குத் தெரியும். பூனாவில் இருந்துகொண்டு கடல் கடந்து ஒரு சகோதரத்துவத்தைப் பார்த்த கண் அது. அதே 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் என்ற ஊரில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பர்களை வெள்ளையர் படை ஒன்று சுட்டுக் கொன்றது. சரணடைந்தவர்களையும் விடவில்லை. செத்தவர்கள் பல டஜன். அடிமைமுறை ஒழிந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. புலே பார்த்த அமெரிக்காவும் உண்மை, கோல்ஃபாக்ஸும் உண்மை. நடுவில் என்ன நடந்தது?

முதலில் ஒரு விஷயம். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தில் ‘அடிமை’ என்ற சொல்லே கிடையாது. அடிமைகளை வைத்திருந்தவர்கள் பலர் உட்கார்ந்து எழுதின சட்டம். ஆனால் சொல் இல்லை. ‘மற்ற நபர்கள்’ என்று இருக்கும். ‘சேவைக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட நபர்’ என்று இருக்கும். மக்கள்தொகைக் கணக்கில் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணினார்கள், தப்பி ஓடினால் பிடித்துத் திருப்பிக் கொடுக்கணும் என்றார்கள், அப்போதும் அந்தச் சொல்லை எழுதவில்லை. கூச்சம்! நமக்கும் இது தெரிந்ததுதான். சாதிப் பெயரைச் சொல்லாமல் ‘அந்தப் பக்கத்து ஆளுங்க’ என்று சொல்வார்களே, அந்த நாகரிகம். ‘அடிமைத்தனம்’ என்ற சொல் அந்த அரசியல் சட்டத்துக்குள் முதல் தடவையாக வந்தது 1865இல், அதை ஒழிக்கிற 13ஆம் திருத்தத்தில்.

அந்த 13ஆம் இடத்துக்கு முதலில் வேறொரு திருத்தம் வரிசையில் நின்றது. பலருக்குத் தெரியாத கதை. 1861 தொடக்கத்தில் தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தன. அவர்களைச் சமாதானப்படுத்த ஒஹையோக்காரர் தாமஸ் கார்வின் பெயரால் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். மாநிலங்களின் ‘உள்நாட்டு ஏற்பாடுகளில்’ தலையிட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் எந்தத் திருத்தமும் இனிமேல் செய்யவே கூடாது என்பது அதன் சாரம். அடிமைமுறைக்கு நிரந்தர இன்சூரன்ஸ். இங்கேயும் அந்தச் சொல் இல்லை, உழைப்புக்கோ சேவைக்கோ கட்டுப்பட்ட நபர்கள்தான். பிரதிநிதிகள் சபையில் 133க்கு 65. செனட்டில் 24க்கு 12, மூன்றில் இரண்டு பங்கு அச்சாக. அதாவது இரு சபைகளிலும் நிறைவேறிவிட்டது! மார்ச் 4ஆம் தேதி பதவியேற்ற லிங்கன், இதை வெளிப்படையாக எழுதிவைப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று முதல் உரையிலேயே சொன்னார். கென்டக்கி, ஒஹையோ, ரோட் ஐலண்டு, மேரிலாண்டு மாநிலங்கள் ஏற்பும் கொடுத்தன. உள்நாட்டுப் போர் வெடித்ததால் அந்தத் திருத்தம் நின்றது. லிங்கனைக் கடவுளாக்கி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்கணும்.

போர் ஓடுகிறது. கறுப்பர்கள் பண்ணைகளை விட்டு ஆயிரக்கணக்கில் வெளியேறுகிறார்கள், வடக்குப் படையில் சேர்ந்து சண்டை போடுகிறார்கள். யாரும் கொடுத்த விடுதலை அல்ல அது. அந்த நெருக்கடியில்தான் 13ஆம் திருத்தம் எழுதப்படுகிறது. 1864இல் செனட்டர் சார்லஸ் சம்னர் ஒரு வாசகம் கொடுத்தார். சட்டத்தின் முன் எல்லோரும் சமம், ஆகவே ஒருவர் இன்னொருவரை அடிமையாக வைத்திருக்க முடியாது என்கிற மாதிரி. பிரெஞ்சுப் புரட்சியின் வாடை அடித்தது. சபை அதை ஏற்கவில்லை. பதிலாக, பழைய 1787 வடமேற்குப் பிரதேசச் சட்டத்திலிருந்து ஒரு வாசகத்தை எடுத்துப் போட்டார்கள். அடிமைத்தனமோ கட்டாய ஊழியமோ இருக்கக் கூடாது. முறைப்படி குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவருக்குக் குற்றத்தின் தண்டனையாக அளிக்கப்படுவது தவிர.

இந்தத் ‘தவிர’வைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

40 லட்சம் பேரின் விடுதலை ஒரு பக்கம், ஒரு ‘தவிர’ இன்னொரு பக்கம். எழுதினவர்கள் சூழ்ச்சியாகத்தான் எழுதினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய வாசகம், பழகின வாசகம், அப்படியே வந்துவிட்டது. ஆனால் ஓட்டை யார் போட்டாலும் எலிக்கு அது வழிதான். ‘குற்றத்துக்குத் தண்டனையாக’ என்றால், எது குற்றம்? அதை யார் முடிவு பண்றது? மாநிலச் சட்டமன்றம். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நேற்றுவரை ஆண்டான்களாக இருந்தவர்கள்.

1865 நவம்பர். மிசிசிப்பி. 13ஆம் திருத்தம் இன்னும் முழுசாக அமலுக்கு வரவில்லை, டிசம்பர் 6ஆம் தேதிதான் போதுமான மாநிலங்கள் சேர்ந்தன. அதற்குள் மிசிசிப்பி சட்டமன்றம் வரிசையாகச் சட்டங்களைப் போட்டது. கறுப்புச் சட்டங்கள் என்று வரலாற்றில் பெயர். அதில் ஒன்றின் தலைப்பு, விடுவிக்கப்பட்டோருக்குக் குடியுரிமைகளை வழங்குவதற்கும் இன்ன பிற நோக்கங்களுக்குமான சட்டம். ‘இன்ன பிற நோக்கங்கள்’! நான் எத்தனையோ நாள் இந்தத் தலைப்பை நினைத்துச் சிரித்திருக்கிறேன், வயிறு எரிந்தும் இருக்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது? நீ வழக்குப் போடலாம், பொருள் வைத்துக்கொள்ளலாம், கறுப்பரைக் கறுப்பர் கல்யாணம் பண்ணலாம். வெள்ளையரைக் கல்யாணம் செய்தால் ஆயுள் தண்டனை. நிலம் குத்தகைக்கு எடுக்கலாமா? நகர எல்லைக்குள் மட்டும். அதாவது விவசாயம் தெரிந்த ஜனத்துக்கு வயலில் குத்தகை கிடையாது. 1866 ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை, ஜனவரி 8ஆம் தேதி, ஒவ்வொரு கறுப்பரும் தனக்கு வீடோ வேலையோ இருக்கு என்று எழுத்தில் சான்று வைத்திருக்கணும். ஒரு மாதத்துக்கு மேல் வேலை என்றால் எழுத்துமூல ஒப்பந்தம். நியாயமான காரணமில்லாமல் ஒப்பந்தம் முடியும் முன்னால் வேலையை விட்டால் அந்த வருஷம் அதுவரை உழைத்த கூலி முழுக்கப் போச்சு. காரணம் நியாயமா இல்லையா என்று அவர்கள்தான் சொல்வார்கள். ஓடினவனை யார் வேண்டுமானாலும் பிடித்து எஜமானிடம் கொண்டுவந்து விடலாம். பிடித்தவனுக்கு ஐந்து டாலர், மைலுக்குப் பத்து சென்ட் வழிச்செலவு. அந்தக் காசும் தொழிலாளியின் கூலியிலிருந்துதான்.

அடுத்தது, நாடோடித் தடைச் சட்டம். சொன்ன தேதியில் வேலையில்லாமல் இருந்தால் நீ குற்றவாளி. ஐம்பது டாலர்வரை அபராதம். ஐந்து நாளில் கட்ட முடியவில்லையா? ஷெரீப் உன்னை ஏலம் விடுவார். யார் மிகக் குறைந்த கால உழைப்புக்கு ஈடாக அபராதத்தைக் கட்டுகிறாரோ அவரிடம் போகணும். பழைய முதலாளிக்கு முன்னுரிமை. 18லிருந்து 60 வயதுவரை எல்லாக் கறுப்பருக்கும் வருஷம் ஒரு டாலர்வரை தலைவரி, கட்டாவிட்டால் அதுவே நாடோடி என்பதற்குச் சான்று. இந்தச் சட்டத்தில் வெள்ளையருக்கும் ஒரு பிரிவு உண்டு: கறுப்பரோடு சமமாகப் பழகிக் கூடினால் இருநூறு டாலர்வரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை. கூடிப் பழகுவதற்கு அவனுக்கு அதிக அபராதம். எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள் பாருங்க.

பிள்ளைகளையும் விடவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே, அநாதை, அல்லது தாய் தகப்பனால் வளர்க்க முடியாது என்று நீதிமன்றம் நினைக்கிற பிள்ளைகளைப் பயிற்சி ஆள் என்ற பெயரில் ஒப்படைக்கலாம். பையன்கள் 21 வயதுவரை, பெண் பிள்ளைகள் 18 வயதுவரை. பழைய ஆண்டானுக்கே முன்னுரிமை. அளவாக அடித்துத் திருத்தவும் அவனுக்கு உரிமை. கடைசியாக இன்னொரு சட்டத்தில், அடிமைகளுக்கென்று முன்பு இருந்த குற்றவியல் சட்டங்கள் எல்லாம் இப்போது விடுவிக்கப்பட்டவர்களுக்குப் பொருந்தும் என்று எழுதி முடித்தார்கள். பெயரை மட்டும் அடித்துவிட்டு வேறு பெயர் எழுதின பத்திரம்.

தென் கரோலினா இன்னும் சாமர்த்தியம். 1865 நவம்பரில் 13ஆம் திருத்தத்துக்கு ஏற்பு கொடுத்தது. டிசம்பரில் தன் கறுப்புச் சட்டத்தைப் போட்டது. விவசாயக் கூலி, வீட்டு வேலை தவிர வேறு தொழில் செய்ய நீதிபதியிடம் வருஷா வருஷம் உரிமம் வாங்கணும். கடை வைக்க நூறு டாலர், கைத்தொழிலுக்குப் பத்து டாலர். ஆசாரி, கொல்லன், தையல்காரர் என்று கறுப்பர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த தொழில்கள்தான் எல்லாம். சார்ல்ஸ்டன் நகரில் சீயோன் தேவாலயத்தில் அந்த நவம்பரிலேயே கறுப்பர் மாநாடு கூடி நாடாளுமன்றத்துக்கு மனு எழுதியது. அவர்கள் சட்டத்தைத் தாள் என்று ஒதுக்கவில்லை, போதும் என்று கும்பிடவும் இல்லை. அந்தக் கோடையில் தெற்கைச் சுற்றிவந்து அறிக்கை கொடுத்த கார்ல் ஷுர்ஸ் சொன்னதன் சாரம்: தனி ஆண்டானின் சொத்தாக இருந்தவனை இப்போது மொத்தச் சமூகத்தின் அடிமையாகப் பார்க்கிறார்கள். இந்த வாக்கியம் சேரியில் பிறந்தவனுக்கு விளங்கும். வேறு யாருக்கும் விளக்கணும்.

நடுவில் ஒரு கணக்கு சொல்கிறேன், எனக்குப் பிடித்த கணக்கு. 1865 ஆகஸ்டில் டென்னசியிலிருந்த ஒரு முன்னாள் ஆண்டான், விடுதலையாகி ஒஹையோவில் குடியேறிவிட்ட ஜோர்டன் ஆண்டர்சனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டான். ஆண்டர்சன் சொல்லச் சொல்ல எழுதிய பதில் கடிதம் பத்திரிகையிலேயே வந்தது. உங்கள் நேர்மையைச் சோதிக்க ஆசை, நான் 32 வருஷம் உழைத்தேன், மாதம் 25 டாலர். என் மனைவி மாண்டி 20 வருஷம், வாரம் இரண்டு டாலர். மொத்தம் 11,680 டாலர் அனுப்புங்க, வட்டியும் சேர்த்து. நீங்கள் எங்களுக்குக் கொடுத்த துணிக்கும் வைத்தியச் செலவுக்கும் கழித்துக்கொள்ளுங்க என்று போகிறது அந்தக் கடிதம். நான் பேனா எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரி! தேசமே செய்யாத கூட்டல் அது. ஒரு ஏழை மனிதன் செய்தான்.

இதே காலத்தில் இங்கே என்ன? சும்மா ஒப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், சட்டத்தின் எலும்பே ஒன்றுதான். 1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அடிமைத்தனத்தை நீதிமன்றம் அங்கீகரிக்காது என்று சட்டம் போட்டது. 1859இல் இன்னொரு சட்டம். தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம், 13ஆம் எண். முன்பணம் வாங்கின தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் அவனை வேலைக்கு விரட்டலாம், மறுத்தால் மூன்று மாதம்வரை சிறை. முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கு. பிறகு வேறு இடங்களுக்கும் விரித்தார்கள். 1925இல்தான் ரத்தானது. முதலாளி கூலி தராவிட்டால்? அதற்கு சிவில் வழக்கு, வக்கீல் பீஸ், வாய்தா. கடன்பட்டவன் ஓடினால் மட்டும் கிரிமினல். மிசிசிப்பிக்காரனும் சென்னைக்காரனும் ஒருவரையொருவர் பார்த்து எழுதவில்லை. நிலமும் முன்பணமும் ஒருத்தன் கையில், உடம்பு மட்டும் இன்னொருத்தன் கையில் என்றால் சட்டம் இப்படித்தான் வரும்.

அமெரிக்காவுக்கே திரும்புகிறேன். கறுப்புச் சட்டங்களைப் பார்த்து வடக்கு கொதித்தது. 1866இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் கையெழுத்துப் போட மறுத்தார். காரணம் கேளுங்க: இது வெள்ளையரைவிடக் கறுப்பருக்குச் சலுகை காட்டுகிறதாம். அடிமைமுறை ஒழிந்து நான்கே மாதம்! ஏப்ரலில் இரு சபைகளும் மறுப்பைத் தாண்டி நிறைவேற்றின. 1868இல் 14ஆம் திருத்தம்: பிறந்தவர் எல்லாம் குடிமக்கள், சட்டத்தின் சமப் பாதுகாப்பு எல்லோருக்கும்.

சட்டம் இனத்தைச் சொல்லக் கூடாது என்றானதும் மாநிலங்கள் என்ன செய்தன தெரியுமா? இனத்தைச் சொல்வதை நிறுத்திக்கொண்டன. அவ்வளவுதான். ‘கறுப்பர்’ என்ற இடத்தில் ‘எவரும்’ என்று எழுதினார்கள். வேலையில்லாமல் திரிகிற எவரும். ஒப்பந்தத்தை மீறும் எவரும். 1876இல் மிசிசிப்பியில் பத்து டாலர் பெறுமான பொருளையோ ஒரு பன்றியையோ திருடினால் பெருங்குற்றம், ஐந்து வருஷம்வரை சிறை. சிறைக்குப் போனவனை ரயில்பாதைக்கும் சுரங்கத்துக்கும் பருத்திக் காட்டுக்கும் வாடகைக்கு விடுவார்கள். அடிமையாக இருந்தபோதாவது செத்தால் ஆண்டானுக்கு முதல் நஷ்டம். வாடகைக் கைதி செத்தால் இன்னொருத்தனை அனுப்புவார்கள். அலபாமாவில் இந்தக் கைதி வாடகை 1928வரை நடந்தது. எல்லாம் அந்தத் ‘தவிர’வுக்குள் அடக்கம்.

‘எவரும்’ என்ற சொல் எப்படி வேலை செய்யும் என்று எனக்கு ஆபீசிலேயே தெரியும். ஒரு கடன் விண்ணப்பத்தைத் திருப்பணும் என்றால் யாரும் சாதியைச் சொல்ல மாட்டார்கள். ஜாமீன் போதாது, சர்வீஸ் ஏரியாவில் வரவில்லை, ஆவணம் முழுமையாக இல்லை. விதி எல்லோருக்கும் பொதுதான். திரும்பிப் போகிற முகங்கள் மட்டும் ஒரே தெருவிலிருந்து வந்த முகங்களாக இருக்கும்.

14ஆம் திருத்தத்திலும் ஒரு ‘தவிர’ இருக்கிறது. ஆண்களுக்கு வாக்குரிமை மறுக்கும் மாநிலத்துக்குப் பிரதிநிதிகளைக் குறைப்போம் என்கிறது இரண்டாம் பிரிவு. கலகத்திலோ ‘பிற குற்றத்திலோ’ ஈடுபட்டதற்காக மறுத்தால் தவிர. ‘ஆண்’ என்ற சொல்லையே அமெரிக்க அரசியல் சட்டத்துக்குள் முதன்முதலில் கொண்டுவந்தது இந்தப் பிரிவுதான். பெண் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்டனை ஒரு தடவைகூட எந்த மாநிலத்துக்கும் கொடுக்கப்படவில்லை. ஆனால் ‘பிற குற்றம்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் நன்றாகப் பயன்படுத்தினார்கள். 1890 மிசிசிப்பி அரசியல் சட்டம் வாக்குரிமை பறிபோகும் குற்றங்களைப் பட்டியலிட்டது. திருட்டு உண்டு, தீவைப்பு உண்டு, இருதார மணம் உண்டு. கொலை இல்லை! கறுப்பர்கள் எந்தக் குற்றம் செய்வார்கள் என்று அவர்களாக ஒரு கணக்குப் போட்டு அதற்குத் தகுந்த மாதிரி பட்டியல் போட்டார்கள். இந்த நோக்கத்தை 1896இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் ஒளிவில்லாமல் எழுதியது.

இப்போது 15ஆம் திருத்தம், 1870. இதுதான் என் பேச்சில் ரொம்ப வலிக்கிற இடம். 1869இல் அதை விவாதிக்கும்போது செனட்டர் ஹென்றி வில்சன் ஒரு விரிந்த வாசகம் வைத்தார். இனம், நிறம் மட்டுமல்ல, பிறந்த நாடு, சொத்து, கல்வி, சமயம் எதைக் காட்டியும் வாக்குரிமையையோ பதவி வகிக்கும் உரிமையையோ மறுக்கக் கூடாது. செனட் அதை ஒரு கட்டத்தில் நிறைவேற்றியும்விட்டது. பிறகு இரு சபைக் குழுவில் உட்கார்ந்து வெட்டினார்கள். சொத்து போச்சு, கல்வி போச்சு, பதவி போச்சு. வடக்கிலும் மேற்கிலும் சீனர்களையும் ஐரிஷ்காரர்களையும் வாக்குச் சாவடிக்கு வெளியே வைக்க விரும்பியவர்கள் இருந்தார்கள். மிஞ்சியது: இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை என்ற மூன்று காரணங்களுக்காக மறுக்கக் கூடாது. வாக்குரிமை உண்டு என்று அது சொல்லவில்லை. இந்த மூன்று காரணத்தைச் சொல்லி மறுக்காதே என்கிறது. வேறு காரணம் சொல்லி மறு.

இருபது வருஷம் கழித்து மிசிசிப்பி சொன்னது. இரண்டு டாலர் வாக்கு வரி, ரசீது கொண்டுவா. அது சொத்து. மாநில அரசியல் சட்டத்தின் ஏதாவது ஒரு பிரிவைப் படி, அல்லது படித்துக் காட்டினால் அதிகாரி ஏற்கும்படி பொருள் சொல். அது கல்வி. வில்சன் வாசகத்தில் வெட்டின இரண்டு சொல்லும் இரண்டு கத்தியாகத் திரும்பி வந்தன. 1898இல் உச்ச நீதிமன்றம் இதைச் சரி என்றது, சட்டத்தில் இனம் பற்றி ஒன்றும் இல்லையே என்றது. அதே 1898இல் லூசியானா ஒரு படி மேலே போய், 1867 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் அப்பனோ பாட்டனோ வாக்காளராக இருந்தால் உனக்குப் பரீட்சை வேண்டாம் என்று எழுதியது. அங்கே 1896இல் சுமார் ஒரு லட்சத்து 30 ஆயிரம் கறுப்பு வாக்காளர்கள். 1900இல் சுமார் 5 ஆயிரம்.

இடையில் நீதிமன்றம் செய்த வேலையையும் சொல்லணும். கோல்ஃபாக்ஸ் கொலைகாரர்கள் 1876இல் உச்ச நீதிமன்றத்தில் தப்பினார்கள். 14ஆம் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனி ஆட்களை அல்ல என்றார்கள். 1968 வெண்மணி வழக்கில் மேல்முறையீட்டில் மிராசுதார்கள் எப்படி விடுதலையானார்கள் என்று படித்தவர்களுக்கு இது புதுசு இல்லை. 1875இல் விடுதி, ரயில், நாடக அரங்கு இவற்றில் பாகுபாடு கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. 1883இல் அதே காரணத்தைச் சொல்லி அதையும் ரத்து செய்தார்கள். நீதிபதி பிராட்லி எழுதியதன் கருத்து: அடிமைநிலையிலிருந்து வெளியே வந்தவன் ஏதோ ஒரு கட்டத்தில் சட்டத்தின் செல்லப்பிள்ளையாக இருப்பதை நிறுத்திக்கொள்ளணும். பதினெட்டு வருஷம்தான் ஆகியிருந்தது! ‘இன்னும் எத்தனை நாளைக்கு?’ என்று இடஒதுக்கீடு பற்றி நம்மைக் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு அவ்வளவு வயசு.

இதை ஒருவர் இங்கிருந்து கவனமாகப் படித்திருந்தார். பாபாசாகேப் 1913இலிருந்து 1916வரை நியூயார்க்கில் படித்தவர். 1947இல் அரசியல் நிர்ணய சபைக்கு அவர் கொடுத்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில், பாகுபாட்டுக்கு எதிரான பிரிவுக்கு ஆதாரமாக அமெரிக்காவின் 1866, 1875 சட்டங்களையே காட்டுகிறார். 1875 சட்டம் அங்கே தோற்றுப்போன சட்டம் என்பதைக் கவனியுங்கள். சாதாரணச் சட்டமாக இருந்ததால் நீதிமன்றம் அதை எடுத்து எறிய முடிந்தது. இங்கே கடை, உணவகம், கிணறு, குளம் எல்லாம் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவுக்குள்ளேயே வந்துவிட்டன, தனி ஆளையும் கட்டுப்படுத்துகிற மாதிரி. தீண்டாமையை ஒழிக்கிற 17ஆவது பிரிவில் ‘தவிர’ கிடையாது. போய்ப் படித்துப் பாருங்கள். ஆனால் அதே அறிக்கையில் விவசாய நிலம் முழுவதும் அரசுடைமை ஆகணும் என்று கேட்டிருந்தார். அது வரவில்லை.

நிலம் அங்கேயும் வரவில்லை. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் கடற்கரைப் பண்ணைகளைப் பிரித்து, குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர்வரை கொடுக்க உத்தரவிட்டார். சுமார் 40 ஆயிரம் பேர் குடியேறினார்கள். அந்த வருஷமே ஜான்சன் ஆண்டான்களுக்கு மன்னிப்பும் கொடுத்து நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். 1892இல் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே போச்சு என்று கேட்டு 1994இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு வாங்கியவர்கள் நாம். நான் சொல்லித் தெரியணுமா? நிலம் வேண்டும் என்று கடைசிவரை கேட்ட வெள்ளைக்காரர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். 1868இல் செத்தபோது நிறம் பார்த்துப் புதைக்கிற சுடுகாடுகள் வேண்டாம் என்று சொல்லி, எல்லோரையும் புதைக்கிற ஒரு சின்ன இடுகாட்டில் தன்னைப் புதைக்கச் சொன்னார். காரணம் கல்லறையிலேயே எழுதியிருக்கிறது. சுடுகாட்டுப் பாதைக்குச் சண்டை போடுகிற ஊர்க்காரன் நான், அதனால் சொல்கிறேன்.

வங்கிக்காரன் வங்கியைச் சொல்லாமல் விட்டால் எப்படி? 1865 மார்ச்சில் விடுவிக்கப்பட்டோர் சேமிப்பு வங்கி தொடங்கினார்கள். துவைத்தவள், சுமந்தவன் காசு. 1870இல் அதன் சாசனத்தில் ஒரு சின்னத் திருத்தம்: மனையை ஈடாகப் பிடித்துக் கடன் தரலாம். நிதிக்குழுத் தலைவர் ஹென்றி குக், பெரிய பங்குச் சந்தை முதலாளி ஜே குக்கின் தம்பி. பணம் எங்கே போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். 1874இல், முழுகுகிற நேரத்தில், கறுப்பர் தலைவர் ஃபிரெடரிக் டக்ளசைக் கூப்பிட்டுத் தலைவராக உட்கார வைத்தார்கள். சொந்தக் காசு பத்தாயிரம் டாலர் போட்டுப் பார்த்தார். ஜூன் மாதம் வங்கி மூடியது. 61 ஆயிரம் பேருக்கு மேல் காசு போட்டிருந்தார்கள்.

நேரமாச்சு. ஒரு விஷயம் சொல்லி நிறுத்துகிறேன். அந்தத் ‘தவிர’ அமெரிக்க அரசியல் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. மாநில அரசியல் சட்டங்களிலிருந்து அதை அடிக்க மக்கள் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. 2018இல் கொலராடோவில் அடித்தார்கள், 2022இல் அலபாமா, டென்னசி, ஒரேகான், வெர்மான்ட். அதே 2022இல் லூசியானாவில் தோற்றது. 2024இல் நெவாடாவில் ஜெயித்தது, கலிபோர்னியாவில் தோற்றது.

இங்கே 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கிற விதிகளை ரத்து செய்தது. துப்புரவு இன்னாருக்கு, சமையல் இன்னாருக்கு என்று சுதந்திரம் வந்து 77 வருஷம் அச்சில் இருந்த விதிகள். பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. மூன்று மாதத்துக்குள் கையேடுகளைத் திருத்தணும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு. திருத்தின வாசகம் என்ன, அது நம்ம மாவட்டச் சிறைக்கு வந்து சேர்ந்ததா, இப்போது கழிப்பறை கழுவுகிறவர் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க, சட்டக் கல்லூரித் தோழர்கள் இரண்டு பேர் மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். மனு அந்த மேசையில் இருக்கிறது. டீ குடித்துவிட்டு எல்லோரும் ஒருதடவை வாசித்துப் பாருங்க. மூன்றாவது கேள்வியில் ‘பொதுவாக’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து.